ரயிலில் படித்ததும் ரெஜிஸ்டரில் பார்த்ததும்

(உலகப் புத்தக நாளை ஒட்டி நம் குடியிருப்பின் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)



செயலாளர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "நீங்க நிறையப் படிக்கிறீங்களே, எல்லாரும் படிக்க வேண்டிய பத்துப் புத்தகம் சொல்லுங்க. இருபது நிமிஷம் போதும்." பத்துப் புத்தகப் பட்டியல் வாட்ஸ்ஆப்பில் வாரத்துக்கு இரண்டு வருகிறது. நீங்களும் பார்க்கிறீர்கள், நானும் பார்க்கிறேன். அதைப் பார்த்து யாரும் புத்தகம் வாங்கியதாகத் தெரியவில்லை. அதனால் பட்டியலை விட்டுவிட்டு, சில புத்தகங்களை எங்கே உட்கார்ந்து படித்தேன், படித்ததும் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வரப்போவது. ஆகவே தூக்கம் வந்தாலும் அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்ததில் முக்கால்வாசி ரயிலில் படித்தது. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு இருபத்தொன்பது வருஷம் போய் வந்தேன். இந்தப் பாதையில் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. நான் ஏறத் தொடங்கியபோது மீட்டர் கேஜ் வண்டிகள்தான். தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கும் பீச்சில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு சௌகரியம் உண்டு: காலையிலும் சரி, மாலையிலும் சரி, வண்டி புறப்படுகிற இடத்திலேயே ஏறலாம். உட்கார இடம் கிடைக்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். மாம்பலத்தில் ஏறுகிறவர்களுக்கு அந்த வாழ்க்கை கிடையாது. அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நான் உட்கார்ந்து ஜானகிராமன் படிப்பேன். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் பக்கத்தைப் புரட்டுவேன்.

லேடீஸ் கம்பார்ட்மென்ட் என்பது தனி உலகம். ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், ஒருத்தி பூக் கட்டுவாள், ஒருத்தி சஷ்டி கவசம் சொல்லுவாள். சீட்டுப் பணம் வசூலாகும், புடவை விற்பனையும் நடக்கும். அதற்கு நடுவில் புத்தகத்தைப் பிரித்தால் யாரும் உங்களைத் தனியாக விட மாட்டார்கள். "என்ன கதை?" என்று கேட்பார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. குரோம்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் கதையைச் சுருக்கிச் சொல்லுவேன். மறுநாள் "அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று தேடிக்கொண்டு வருவார்கள். பாதியில் கீழே வைக்க நினைத்த இரண்டு நாவல்களை நான் முடித்ததற்கு இவர்கள்தான் காரணம். இவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே.

புத்தகம் வந்தது பெரும்பாலும் லெண்டிங் லைப்ரரியிலிருந்து. இப்போது அந்தக் கடைகள் ஏறக்குறைய இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நெட்ஃபிளிக்ஸ் சந்தா மாதிரியா என்கிறார்கள். ஏறத்தாழ அப்படித்தான். நாள் வாடகை, ஒரு நோட்டில் பெயர், அட்டையில் நம்பர். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கோபுலுவும் மாயாவும் ஜெயராஜும் போட்ட படங்களோடு, பல்பொடி விளம்பரத்தோடு படிக்கலாம். பைண்டிங் தையல் ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கும். கடைசி அத்தியாயம் சில சமயம் இருக்காது. முடிவு தெரியாமல் நான் முடித்த கதைகள் நாலைந்து இன்றைக்கும் இருக்கின்றன. அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரயிலில் நான் படித்த புத்தகங்களில் ஒன்று ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். பொன்னாச்சி என்று ஒரு பெண், உப்பளத்து வேலைக்கு வருகிறாள். அவள் கண் வழியாக அந்த வெயிலும் கூலியும் கங்காணிகளும் அங்கே பெண்கள் படுகிற பாடும் நமக்குத் தெரியவருகிறது. உப்பைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே சமையலில் கூடியதா குறைந்ததா என்று மட்டும்தான்.

வழக்கம்போல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் பல்லாவரத்தில் ஏறும் ஒரு அம்மாள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அதிகம் பேசாதவர். அன்றைக்கு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது எழுதுனது எங்க ஊர்க்காரவுகளா?" என்றார். இல்லை, திருச்சிப் பக்கம் முசிறியில் பிறந்தவர் என்று பின்னட்டையைப் பார்த்துச் சொன்னேன். "அப்ப யாரோ இருந்து சொல்லிருக்காவ. அளத்துல நின்னவுகளுக்குத்தான் இது தெரியும்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினார். சிறு வயதில் அளத்தில் வேலை செய்த கால். உப்புத் தண்ணீர் வெடிப்பில் இறங்கிய தழும்பு பாதம் முழுக்க இருந்தது. பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். கோடம்பாக்கம் வரைக்கும் அந்த அம்மாள் பேசினார். அத்தனை வருஷம் ஒரே பெட்டியில் போயிருக்கிறோம். அவர் ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பதுகூட அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் சொன்னது சரி. ராஜம் கிருஷ்ணன் இருந்து, கேட்டு எழுதியவர்தான். ஒரு விஷயத்தை எழுத வேண்டுமானால் அந்த இடத்துக்கே போய்விடுவார். மீனவர் வாழ்க்கைக்குக் கடற்கரைக் கிராமங்கள் ('அலைவாய்க் கரையில்'), சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகத் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் ('கூட்டுக் குஞ்சுகள்'), சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையருக்காக வடக்கே ('முள்ளும் மலர்ந்தது'). பள்ளிப் படிப்பை அதிகம் தொடர முடியாமல் சிறு வயதிலேயே கல்யாணமாகிப் போன பெண் இவர். கணவர் மின்சாரத் துறைப் பொறியாளர். அவருடைய வேலை காரணமாக நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் மக்களோடு பழகி எழுதியது 'குறிஞ்சித்தேன்'. மலைக்கு அணையும் மின்சாரமும் தேயிலையும் பணமும் வரும்போது அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அந்த நாவல். அணை கட்டுகிறவரின் வீட்டுக்குள்ளிருந்தே இதை எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதெமி விருது.

அவருடைய எழுத்தில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பாத்திரம் பேச வேண்டியதை ஆசிரியர் பேசுவார். கட்டுரை எட்டிப் பார்க்கும். என் வீட்டுக்காரர் இரண்டு நாவலோடு நிறுத்திக்கொண்டார், "பாடம் எடுக்கிறாங்க" என்று. நானும் அந்த இடங்களில் வேகமாகத் திருப்பியிருக்கிறேன். ஆனால் அந்த ஆயா அம்மாளின் காலைப் பார்த்த பிறகு, நடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை ஏன் தாம்பரத்தில் நின்றுகொண்டு இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவர் நம் தாம்பரத்தில் பல வருஷம் வாழ்ந்தவர். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன மாதம் நம் குரூப்பில் தாம்பரத்தின் பெருமைகள் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. விமானப்படைத் தளம் இருந்தது, 1937-ல் இங்கே மாறி வந்த கிறித்தவக் கல்லூரி இருந்தது, சானடோரியம் இருந்தது, இரண்டு பிரியாணிக் கடைகூட இருந்தன. இவர் இல்லை.

2002-ல் கணவர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை சிரமமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. கையில் பணமில்லாமல், முதுமையில் முதியோர் இல்லத்தில் இருந்தார். பிறகு போரூரில் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 2009-ல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. பொதுவாக எழுத்தாளர் காலமான பிறகுதான் இது நடக்கும். இவருக்கு உயிரோடு இருக்கும்போதே செய்தார்கள், அந்தத் தொகை உதவட்டும் என்று. 2014 அக்டோபரில் மறைந்தார்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. மறைந்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்றைக்கு 'கரிப்பு மணிக'ளை மறுபடி எடுத்தேன். வயதான, தனியாக இருக்கிற பெண்கள் நம் நாலு பிளாக்கிலும் சேர்த்து எத்தனை பேர் என்று அன்றைக்கு விரல் விட்டு எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே சொல்லவில்லை. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

நாட்டுடைமை ஆனதால் ஒரு நன்மை: அவருடைய நாவல்கள் பலவற்றை இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடலாம். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது என் வயதுக்கு மிகப் பெரிய வசதி. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருஷம் நான் படித்ததெல்லாம் அப்படித்தான்.

அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. இதைச் சொல்லாமல் சென்னையின் தெற்கே குடியிருக்கிற யாரும் புத்தகம் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கட்சி. எழுபதுகளில் எழுதியது, சின்ன நாவல். ஒரு தெருவில் தண்ணீர் வரவில்லை. ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. பம்பு, குடம், வரிசை, சண்டை, தோண்டிப் போட்ட தெரு. அவ்வளவுதான்.

முதல் தடவை ரயிலில் படித்தபோது எனக்கு அது சப்பென்று இருந்தது. ஒன்றுமே நடக்கவில்லையே என்று கம்பார்ட்மென்டிலும் சொன்னேன். 2019 கோடையில் மறுபடி படித்தேன். அந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நம் போர்வெல்கள் காற்றைத்தான் இறைத்தன. லாரிக்கு முன்பணம் கட்டி, அது எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் நான் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். சும்மா இருக்கிறோமே, கொஞ்சம் படிக்கட்டுமா என்று கேட்டேன். வேறு வழியில்லாததால் சரி என்றார்கள்.

மூன்று ராத்திரிகளில் முடித்தோம். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன், "ஆன்ட்டி, இது கதையே இல்ல, நம்ம வாட்ஸ்ஆப் குரூப்பு" என்றான். சிரித்தோம். அந்த வாரம்தான் குரூப்பில் யார் வீட்டில் எத்தனை பேர், யார் எத்தனை வாளி செலவழிக்கிறார்கள் என்று பெரிய ரகளை நடந்திருந்தது. ஜமுனா வாழ்க்கையே வேண்டாம் என்று நிற்கிற இடத்தில் டீச்சரம்மா அவளிடம் தன் சொந்த வாழ்க்கையைச் சொல்லுவாள். ஆறுதல் வார்த்தை எதுவும் கிடையாது. வயதான நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூடம், நான் இப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்லுவாள், அவ்வளவுதான். அதைப் படித்தபோது எங்களில் ஒருவர் எழுந்து லிஃப்ட் பக்கம் போய் நின்றுகொண்டார். யார் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "படிங்க" என்றார். ஒன்றுமே நடக்காத கதை என்று நான் சொன்ன கதையில் அவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது. படிக்கிறவர் பக்கமும் கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

அசோகமித்திரன் கடைசி வருஷங்களில் நமக்குப் பக்கத்தில் வேளச்சேரியில்தான் இருந்தார். 2017 மார்ச்சில் மறைந்தார். அந்த 2019 கோடையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதியிருந்தார்.

தண்ணீர் இல்லாததைச் சொன்னேன், இருந்ததையும் சொல்ல வேண்டும். இங்கே வருவதற்கு முன் நாங்கள் முடிச்சூர் சாலைப் பக்கம் தனி வீட்டில் இருந்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு. மேல் தட்டுப் புத்தகங்கள் தப்பின, கீழ் மூன்று தட்டும் போயின. நனைந்த புத்தகம் காய்வதைவிட ஊதுவதைத்தான் முதலில் செய்யும். அலமாரியில் இறுக்கமாக இருந்தவை ஊதிக்கொண்டு வெளியே எடுக்கவே வரவில்லை. வழவழப்புத் தாளில் அச்சிட்டவை ஒட்டிக் கட்டியாகிவிட்டன, ஒன்றும் செய்ய முடியாது. பழைய நியூஸ்பிரிண்ட் நாவல்கள், நாம் மட்டம் என்று நினைப்பவை, அவைதான் பிழைத்தன. பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பர் சொருகி, ஃபேன் காற்றில் நிறுத்தி வைத்து, பேப்பரை மாற்றி மாற்றிக் காயவைத்தோம். வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு முறுகிவிடும். இது உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும், இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிழைத்த எண்பது சொச்சம் புத்தகங்கள்தான் நம் கிளப் ரூம் இரும்பு பீரோவுக்கு முதலில் வந்தவை. சேற்று வாசனை அடிக்கிறது என்று புகார் வந்ததே, அது இதனால்தான்.

பீரோ என்று சொல்லிவிட்டேன். கோரிக்கைக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு புத்தகம்.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994-ல் வந்தது. ஆரோக்கியம் என்கிற வண்ணாத்தி. தலித் காலனிக்குத் துணி வெளுக்கிற குடும்பம். கூலி என்று பணம் கிடையாது, வீட்டு வாசலில் நின்று வாங்குகிற சோறும் அறுப்பில் கிடைக்கிற தானியமும்தான். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கீழேயும் ஒருவரை நிறுத்தி வைக்கிற ஏற்பாட்டை அவ்வளவு நெருக்கத்தில் நான் அதற்கு முன் படித்ததில்லை. மூன்று நாள் மனசு சரியில்லை. நாலாம் நாள் நம் லிஃப்ட் வாசலில் நின்றபோது, வீட்டு வேலைக்கு வருபவர்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. இரண்டு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. அதைச் செயற்குழுவில் பேசினோம், எடுத்தாயிற்று, உங்களில் பலர் ஆதரித்தீர்கள். அதற்கு நன்றி. புத்தகம்தான் காரணம் என்று அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "ஆன்ட்டி கதை படிச்சிட்டு வந்து பேசுறாங்க" என்று தள்ளியிருப்பீர்கள்.

சரி, ரெஜிஸ்டர். நம் கிளப் ரூமில் இரண்டு பீரோ, எழுநூறு சொச்சம் புத்தகம், ஒரு நீளக் கணக்கு நோட்டு. சாவி என்னிடம். அந்த இடத்தில் கூரியர் பார்சல் அடுக்க ரேக் வேண்டும், யாரும் புத்தகம் எடுப்பதில்லை, எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பார்சல் லாபியில் குவிந்து கிடப்பது உண்மை, அதில் பாதி என் மருமகளுடையது. அதனால் கோபப்படாமல் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன்.

போன ஒரு வருஷத்தில் நூற்று நாற்பத்திரண்டு முறை புத்தகம் வெளியே போயிருக்கிறது. அதில் வீட்டுக்காரர்களும் வாடகைக்காரர்களும் எடுத்தது ஐம்பத்தெட்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் எடுத்ததும் இதில் சேர்த்தி. மீதி எண்பத்து நான்கும் என் பெயரில் இருக்கிறது. நான் அவ்வளவு படிக்கவில்லை. விதிப்படி குடியிருப்போர் மட்டுமே எடுக்கலாம் என்பதால், மற்றவர்கள் கேட்கும்போது என் பெயரில் எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். செயலாளருக்குத் தெரிந்தேதான் செய்தேன். அவர் இப்போது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், பரவாயில்லை.

அந்தப் புள்ளிகள் யார் தெரியுமா? மூன்றாம் மாடியில் சமையல் செய்ய வருகிற அம்மாவின் மகள், குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறாள். நம் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன பள்ளிப் பாடப் புத்தகங்களை வரிசையாக எடுத்தவள் அவள். இஸ்திரி வண்டிக்காரர் துப்பறியும் நாவல் மட்டும் எடுப்பார், சனிக்கிழமை தவறாமல் திருப்பிவிடுவார். நமக்குள் அப்படித் திருப்பாதவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே படிக்கவில்லை. அதிகப் புள்ளிகள் நம் நைட் டியூட்டி வாட்ச்மேனுக்கு.

அவர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். ராத்திரி தூங்கக் கூடாது, போனில் படம் பார்த்தால் திட்டுகிறோம், என்ன செய்வார்? ஒரு நாள் என்ன கொடுப்பது என்று தெரியாமல் ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' கொடுத்தேன். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை வைத்து எழுதியது. சிறு வயதில் விதவையாகி, தலைமுடியைக் கிராப் வெட்டி, வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, தஞ்சைப் பகுதியில் விவசாயக் கூலிகளைத் திரட்டிய பெண்மணி. ஐந்து நாள் கழித்துத் திருப்பினார். "அம்மா, இந்த அம்மாவ எங்க அப்பாயி பாத்திருக்கு. வேட்டி கட்டிக்கிட்டு வரப்புல வரும்னு சொல்லும். ஏதோ கதை உடுதுன்னு நெனச்சிருக்கேன்" என்றார். "அப்பாயி செத்து இருவது வருஷமாச்சு. உண்மைய சொல்லியிருக்கு." இதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கேட் திறக்க ஒரு கார் ஹாரன் அடித்தது, போய்விட்டார்.

எழுபது வயது வரை நான் படித்ததில் ஒரு புத்தகம் இப்படி ஒருவரிடம் போய்ச் சேர்ந்ததை மூன்று, நான்கு தடவைதான் பார்த்திருக்கிறேன். உப்பளத்து அம்மாள் ஒன்று, இது ஒன்று.

சட்டமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் பொருளாளருக்குப் பிடிக்கும். உங்கள் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம். அதற்காகப் பாடுபட்டவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய நூலக விதிகள் ஐந்து, 1931-ல் வந்தவை. உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி. புத்தகம் காவல் காப்பதற்கு அல்ல, எடுத்துப் போவதற்கு என்பதில் தொடங்கும். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள் நூலகத்துக்கு வர மாட்டார்கள், நூலகம் போகட்டும் என்று. நாம் மாடு கட்ட வேண்டாம். பீரோவைத் திறந்தால் போதும்.

ஆகவே பொதுக்குழுவில் நான் கொடுக்கப்போகிற தீர்மானம் இரண்டு வரி. ஒன்று, பீரோக்கள் இரண்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கும். பார்சல் ரேக்கை மாடிப்படிக்குக் கீழே போடலாம், நானே டேப் வைத்து அளந்துவிட்டேன், ஆறடிக்கு நாலடி இடம் இருக்கிறது. இரண்டு, 'குடியிருப்போர் மட்டும்' என்பது 'குடியிருப்போரும் இங்கே பணிபுரிவோரும்' என்று மாறும். புத்தகம் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போன ஐந்து வருஷத்தில் தொலைந்தது பதினொன்று. பதினொன்றுக்கும் நேராகப் பென்சில் புள்ளி இல்லை.

ஆங்கிலப் புத்தகங்கள் அதிகம் வேண்டும் என்று இளையவர்கள் கேட்டிருக்கிறார்கள், நியாயம். வீட்டில் படித்து முடித்தவற்றைக் கொண்டுவந்து கொடுங்கள், அகதா கிறிஸ்டிக்கு இடம் இருக்கிறது. என்சைக்ளோபீடியா தொகுதிகளை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம், ஏற்கெனவே மூன்று செட் இருக்கிறது. வயதானவர்கள் காலமான வீடுகளில் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போன் செய்வதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். நான் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன், மீதியைக் கட்டியும் தருகிறேன்.

கிளப் ரூம் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும். நைட் டியூட்டிக்காரர்களுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கும் அரை மணி நேரம் திறக்கிறேன். நான் ஊரில் இல்லாவிட்டால் சாவி ஏ பிளாக் செக்யூரிட்டி மேஜை டிராயரில் இருக்கும், நோட்டும் அங்கேதான். பேனா மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், அங்கே வைத்த பேனா நிற்பதில்லை.